ஒரு சிலை, மூன்று சோதனைகள்: செசில் லபோர்டின் மதக் கோட்பாட்டைத் திருகோணமலையிலிருந்து வாசித்தல்

2025 நவம்பரில் திருகோணமலைக் கடற்கரையோர விகாரை ஒன்றின் வளவில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. அந்த இடத்தில் அனுமதியின்றிக் கட்டுமானம் நடப்பதாகக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் முறையிட்டிருந்தது. பொலிஸார் இரவில் சிலையை அகற்றினர். மறுநாளே அது மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் எழுந்த விவாதத்தில் இரண்டு குரல்களே ஓங்கி ஒலித்தன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பு இருக்கும்போது சிலையை அகற்றியதே தவறு என்றது ஒன்று. இலங்கை மதச்சார்பற்ற நாடாகும்வரை இவை ஓயப்போவதில்லை என்றது மற்றது.

முடிவில் எதிரெதிரான இந்த வாதங்கள் தொடங்கும் இடம் ஒன்றுதான். அரசுக்கும் மதத்துக்கும் உறவு இருக்கலாமா, கூடாதா என்பதை ஒரே கேள்வியாகவும், அதற்கு ஒரே விடை இருப்பதாகவும் இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுத்துக்கொள்வதே தவறு என்று வாதிட்டவர் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அரசியல் கோட்பாட்டுப் பேராசிரியர் செசில் லபோர்ட். 2017இல் வெளிவந்த அவரது 'லிபரலிசம்ஸ் ரிலிஜன்' என்ற ஆங்கில நூல், தாராண்மை சனநாயகங்களில் மதத்தின் இடம் பற்றிய அண்மைக்கால விவாதங்களில் தவிர்க்க முடியாத ஒன்றாகிவிட்டது. மேலை நாட்டு விவாதங்களிலிருந்து எழுந்த அந்தக் கோட்பாடு திருகோணமலையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எந்த இடத்தில் தடுமாறும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சட்டத்தில் உள்ளது என்ன?

சுதந்திரத்தின்போது நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தையும், பிறருக்கு இல்லாத சலுகையைத் தரும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று தடுத்திருந்தது. 1972 அரசியலமைப்பு அந்தக் காப்பைக் கைவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கியது. இன்றுள்ள 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதைத் தொடர்வதோடு, பௌத்த சாசனத்தை, அதாவது புத்தரின் போதனையையும் அதைப் பேணும் அமைப்பையும், பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. அதே வாக்கியத்தில் 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகள் தரும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிப்படுத்துகிறது. இவற்றில் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்தைத் தெரிந்தெடுப்பதற்குமான சுதந்திரம். மற்றது மதத்தை வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் போதனையாலும் வெளிப்படுத்தும் சுதந்திரம்; இதை மட்டும் பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம்.

இந்த அமைப்புக்குப் பௌத்த அரசு, மதச்சார்பற்ற அரசு என ஏதேனும் ஒரு பெயர் சூட்டித் தெளிவு காண முயன்றால் குழப்பமே மிஞ்சும். கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைச் சட்டபூர்வ அமைப்பாக்கும் மசோதா 2003இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, மதத்தைப் பரப்புவதற்கான அடிப்படை உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும், அந்த மசோதா 9ஆம் உறுப்புரைக்கு முரணானது என்றும் நீதிமன்றம் தீர்மானித்தது. (ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு இதை 2005இல் உரிமை மீறலாகக் கண்டது.) பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2007இல் அதே நீதிமன்றம், இலங்கை ஒரு மதச்சார்பற்ற அரசு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும் என்று கூறியது. நான்கு ஆண்டு இடைவெளியில், ஒரே அரசியலமைப்பின் கீழ் பிறந்தவை இவை. இரண்டு வழக்குகளிலும் சிறுபான்மை மதமொன்றின் கோரிக்கையே பின்னடைந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரசுக்கு நாம் ஒட்டும் பெயர் ஒரு சிறுபான்மையினருக்கு எவ்வளவு குறைவான பாதுகாப்பைத் தருகிறது என்பது புரியும்.

மதத்தைப் பிரித்துப் பார்த்தல்

லபோர்டின் அடிப்படை நகர்வு இதுதான்: சட்டத்தின் பார்வையில் மதம் ஒற்றைப் பொருளன்று. அது ஒருவரின் மனச்சாட்சிக் கடமையாக இருக்கலாம். நல்வாழ்வு பற்றிய கருத்தாக, பிறப்போடு வரும் அடையாளமாக, கூடி இயங்கும் அமைப்பாக, இலகுவில் இலக்காகும் ஒரு கூட்டமாக, வாழ்வின் எல்லாத் துறைகளையும் ஆள முனையும் நிறுவனமாக, நம்பாதவருக்கு எட்டாத கோட்பாடாகவும் இருக்கலாம். சட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் இவற்றில் ஏதோ ஒன்றையே தொடுகிறது.

திருகோணமலையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இறந்தவருக்கான கிரியையை முடிக்கக் கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்று, ஏழு கிணறுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக அள்ளிக் குளிக்கும் குடும்பத்துக்கு அது ஒரு கடமை. கோயில் பரிபாலன சபையில் யார் இருப்பது என்ற வழக்கு ஓர் அமைப்பைப் பற்றியது. போர்க்காலச் சோதனைச் சாவடியில் நெற்றிப் பொட்டு அடையாளமாகவும் ஆபத்தாகவும் இருந்தது. முஸ்லிம்களின் திருமண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு அலையும் முஸ்லிம் பெண்ணுக்கு மதம் தன் மீது அதிகாரம் செலுத்தும் நிறுவனம். இந்த நான்கையும் 'மதச் சுதந்திரம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடக்கினால், கடைசிப் பெண்ணின் உரிமைக்காகப் பேசுவது மதத்துக்கு எதிராகப் பேசுவதாகவே தோன்றும். பிரித்துப் பார்க்கும்போது அந்தத் தோற்றம் மறைகிறது.

குறைந்தபட்ச மதச்சார்பின்மை

இதிலிருந்து, ஒரு சனநாயக அரசு எந்த அளவுக்கேனும் மதச்சார்பற்றிருக்க வேண்டும் என்ற வினாவுக்கு லபோர்ட் மூன்று நிபந்தனைகளை வகுக்கிறார்.

1. நியாயம் சொல்லும் அரசு. அரசு தன் செயலுக்குக் கூறும் காரணம், அதை ஏற்காதவரும் விளங்கிக்கொண்டு விவாதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தனிப்பட்ட இறைவெளிப்பாட்டையோ வேதவாக்கையோ மட்டும் நம்பியிருக்கும் காரணம் இதில் தேறாது. இந்தக் கட்டுப்பாடு அரசின் பெயரால் பேசுவோருக்குத்தான். சாதாரணக் குடிமக்கள் தம் சமய மொழியிலேயே அரசியல் பேசலாம்.

2. எல்லோரையும் உள்ளடக்கும் அரசு. சிலரை இரண்டாந்தரக் குடிமக்களாகக் காட்டும் வகையில் அரசு ஒரு மதத்தோடு தன்னை இனங்காட்டக்கூடாது.

3. எல்லை தெரிந்த அரசு. தனிமனிதரின் அந்தரங்க வாழ்வுக்குரிய தெரிவுகளில் ஒரு முழுமையான ஒழுக்க முறையை அரசு திணிக்கக்கூடாது.

இந்த மூன்றையும் நிறைவேற்றும் அரசுகள் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கத் தேவையில்லை என்பதைக் காட்ட, செக்குலாரியா, டிவினிஷியா என்ற இரண்டு கற்பனை நாடுகளை அவர் வரைகிறார். முன்னையதன் சட்டங்களில் மதச்சார்பற்ற பண்பாடு மேலோங்கும்; பின்னையதில் மதப் பண்பாட்டின் சாயல் பரவியிருக்கும். நிபந்தனைகள் நிறைவேறும்வரை இரண்டுமே நியாயமான அரசுகளே. ஆகவே 9ஆம் உறுப்புரை இருப்பதாலேயே இலங்கை தாராண்மை சனநாயகமாக இருக்க முடியாது என்று லபோர்ட் வழியில் முடிவுகட்ட முடியாது. அந்த உறுப்புரை இருப்பதால் எதுவும் கேட்கக்கூடாது என்பவர்களுக்கும் அவரிடம் ஆதரவு இல்லை.

மூன்றாம் நிபந்தனையை இங்கு விரைவாகக் கடக்கலாம். போயா எனப்படும் முழுமதி தினத்தில் மதுக்கடைகள் மூடப்படுவது யாருடைய வாழ்வின் சாரத்தையும் பெரிதாகத் தொடுவதில்லை. 16(1)ஆம் உறுப்புரை அப்படியன்று. அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் பழைய எழுத்துச் சட்டங்கள் செல்லுபடியாகும் என்ற அந்த ஏற்பாட்டின் நிழலில்தான், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கோரும் முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகின்றனர். சிறுபான்மைச் சமூகத்துக்கு அரசு விட்டுக்கொடுத்த இடம், அச்சமூகத்தின் பெண்களிடமிருந்து பறித்த இடமாகவும் இருக்கலாம்.

நிலத்தடி நீர் என்ற காரணம்

முதல் நிபந்தனை இலங்கையில் எதிர்பாராத வகையில் தோற்கிறது. மேலை நாட்டு விவாதங்கள், அரசு அதிகாரி வேத வசனத்தைக் காட்டிச் சட்டம் செய்வதைப் பற்றி அஞ்சுகின்றன. இங்கு எந்தத் திணைக்களமும் அப்படிச் செய்வதில்லை. அவை கூறும் காரணங்கள் எல்லாம் தொல்லியல், வனப் பாதுகாப்பு, கரையோரம், சுகாதாரம் என எவரும் விளங்கிக்கொள்ளக்கூடியவையே.

கோவிட் காலத்தில் ஜனாஸாக்கள், அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்கள், எரிக்கப்பட்டது இதற்குக் கொடிய சாட்சி. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, தொற்றால் இறந்தோர் அனைவரின் உடலும் தகனம் செய்யப்பட வேண்டும் என்றது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்ற காரணத்தை எவரும் புரிந்துகொள்ளலாம். அந்த அளவில் அது லபோர்டின் சோதனையில் தேறிவிடும். ஆனால் அடக்கத்தை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. பிற நாடுகளில் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும், பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக ஒரு பச்சிளங்குழந்தையின் உடல்கூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. அதன்பின் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

ஒரு காரணம் விளங்கக்கூடியதாக இருப்பது போதாது. அதற்குச் சான்று இருக்க வேண்டும், எல்லோர் மீதும் அது ஒரே கண்டிப்புடன் பாய வேண்டும். லபோர்டும் விளங்குதன்மையைக் கட்டாயத் தேவையாகத்தான் சொல்கிறார், போதுமான தகுதியாகச் சொல்லவில்லை. ஆனால் இலங்கை அனுபவத்தில் முதற் சோதனை ஏறத்தாழ வெறும் வாசல். அதிகாரிகள் அதைச் சிரமமின்றிக் கடந்து செல்கின்றனர். முழுப் பாரமும் இரண்டாம் சோதனையின் மீதே விழுகிறது.

சின்னம் எப்போது அநீதியாகிறது?

அரசு மதச் சின்னங்களைத் தொடவே கூடாது என்பது லபோர்டின் நிலைப்பாடு அன்று. இத்தாலிய அரசுப் பாடசாலை வகுப்பறைகளில் சிலுவை தொங்குவது உரிமை மீறல் அன்று என 2011இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரும் அமர்வு தீர்ப்பளித்தது. அது செயலற்ற சின்னம் என்பது அந்த வாதத்தின் ஒரு பகுதி. லபோர்ட் சின்னத்தைத் தனியே எடுத்து எடைபோடுவதில்லை. அது நிற்கும் சமூகத்தில் மத அடையாளம் அரசியற் பிளவுக் கோடாக இருக்கிறதா, ஒரு பகுதியினர் அந்த அடையாளத்தாலேயே பாதுகாப்பற்றவர்களாக இருக்கிறார்களா என்றே கேட்கிறார். விடை ஆம் எனில், வேறொரு நாட்டில் எவரையும் தொந்தரவு செய்யாத அதே சின்னம் இங்கே குடியுரிமைச் சமத்துவத்தைக் குலைக்கும்.

திருகோணமலையில் அந்த விடையில் ஐயமில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் வாழும் இம்மாவட்டத்தில் எந்தச் சமூகமும் மக்கள்தொகையில் பாதியை எட்டவில்லை. கோணேசர் கோயிலுக்குச் செல்பவர் பிரெட்ரிக் கோட்டையின் கல் வாயிலில் நுழைந்து, இராணுவ முகாமைக் கடந்து, புள்ளிமான்கள் மேயும் பாதையால் மலையேற வேண்டும். சம்பந்தர் பாடி, போர்த்துக்கேயர் இடித்த தலம் இது. அதே கோட்டைக்குள் கோகண்ண விகாரையும் உள்ளது. பக்தர் அங்கே சந்திக்கும் அரசு சீருடை அணிந்தது. 2005 மே மாதத்தில் நகரின் மையத்தில் திடீரென எழுந்த புத்தர் சிலை ஹர்த்தாலுக்கு வழிவகுத்ததை இந்த ஊர் மறக்கவில்லை. இத்தகைய நினைவுகள் குவிந்த இடத்தில் இன்னொரு சிலை வெறும் வணக்கப் பொருளாக மட்டும் படிக்கப்படாது.

அதே வேளை, திருகோணமலையின் பௌத்தர்களுக்கும் 14(1)(உ) உறுப்புரையின் உரிமை முழுமையாக உண்டு. தம் காணியில், சட்டத்துக்கு அமைய, அவர்கள் சிலை வைத்து வழிபடுவதைத் தடுப்பதற்கு லபோர்டின் கோட்பாட்டில் எந்த இடமும் இல்லை. தமிழர் அரசியல் இதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒரு விகாரை செய்வதும் அரசு செய்வதும் வேறு. எனவே நவம்பர் சம்பவத்தில் கேட்க வேண்டியவை:

1. கட்டுமான அனுமதி பற்றிய முறைப்பாடு, ஒரு கோயில் மடத்துக்கோ பள்ளிவாசலுக்கோ எதிரானதாக இருந்திருந்தால் எப்படிக் கையாளப்பட்டிருக்கும்?

2. அகற்றிய மறுநாளே திரும்ப வைக்கத் தீர்மானித்தவர் யார், எந்தச் சட்ட அதிகாரத்தின் கீழ்?

இவற்றில் சமமற்ற விடை வந்தால், பிழை சிலையில் இல்லை. ஒரு சமூகத்துக்குச் சட்டம் வளையும், இன்னொன்றுக்கு வளையாது என்று அரசு பகிரங்கமாகக் காட்டியதில் இருக்கிறது.

சேலையும் அபாயாவும்

லபோர்டின் கோட்பாட்டில் அடுத்த பகுதி விதிவிலக்குகள் பற்றியது. பொது விதியொன்று ஒருவரின் ஆழ்ந்த நம்பிக்கையோடு மோதினால் அவருக்கு விலக்களிக்கலாமா? அந்த நம்பிக்கை மதம் சார்ந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. தான் எவர் என்று ஒருவர் உணர்வதோடு பிரிக்க முடியாமல் பிணைந்த கடப்பாடு உண்மையாகவே இருந்தால், இரண்டு நிலைமைகளில் விலக்குக் கோரலாம் என்கிறார். விதி அவர் மீது அதன் நோக்கத்துக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுவது ஒன்று. பெரும்பான்மையினரின் வழக்கங்களுக்கு விதி முன்பே பொருந்தியிருக்க, சிறுபான்மையினருக்கு மட்டும் அது இடறுவது மற்றது. விடுமுறை நாட்காட்டி இரண்டாவதற்கு எளிய உதாரணம்: 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறுக்குப் பதிலாகப் போயாவே வார விடுமுறையாக இருந்தது, அப்போது கிறிஸ்தவர்கள் ஞாயிறு பூசைக்கு நேரம் தேடவேண்டியிருந்தது.

2018 ஏப்ரலில் திருகோணமலை நகரின் இந்து மகளிர் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் உடலை மறைக்கும் நீண்ட மேலங்கியான அபாயா அணிந்து வந்தனர். சேலையே பாடசாலையின் மரபு என்று பெற்றோரும் பழைய மாணவியரும் வாசலில் கூடி எதிர்த்தனர். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகளின் பக்கமே நியாயத்தைக் கண்டது. 2022 பெப்ரவரியில் சர்ச்சை மீண்டும் மூண்டது.

பாடசாலைத் தரப்பின் சிறந்த வாதத்தை லபோர்டின் சொற்களிலேயே அமைக்கலாம். ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைக் காப்பதற்கென்றே கூடிய அமைப்புக்குத் தன் உள்ளியல்பு குலையாமல் இருக்கும் நலன் உண்டு என்று அவர் ஏற்கிறார். ஒரு திருச்சபை தன் குருமாரைத் தானே தெரிவு செய்வது அதனாற்றான். தம் கோயில்களும் காணிகளும் கைநழுவுவதைக் கண்ட ஒரு சமூகம் தன் கல்லூரியின் சூழலையாவது காக்க எண்ணியதில் வியப்பில்லை. அந்த அச்சத்தைப் போலியென்று தள்ளுவது நேர்மையாகாது.

இருந்தும் அந்த வாதம் இங்கே நிற்காது. அது அரசாங்கப் பாடசாலை. ஆசிரியைகளுக்குச் சம்பளமும் நியமனமும் இடமாற்றமும் தருவது அரசு. அவர்கள் அந்த அடையாளத்தில் சேர விரும்பி வந்த உறுப்பினர்கள் அல்லர். கற்பிக்க அனுப்பப்பட்ட அரச ஊழியர்கள். மேலும் அபாயா கற்பித்தலுக்கோ மாணவியரின் வழிபாட்டுக்கோ இடையூறு செய்யவில்லை. அவர்கள் மீது ஏற்றப்பட்ட சுமையோ வேலையையும் நம்பிக்கையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியது. பாடசாலை மாணவர்கள் வெளிப்படையான மதச் சின்னங்களை அணிவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டத்தின் பின்னணியில் லபோர்ட் எழுதி 2008இல் வெளியான 'கிரிட்டிக்கல் ரிபப்ளிக்கனிசம்' நூலிலும் அவர் தடையின் பக்கம் நிற்கவில்லை. பொதுப் பண்பாடு என்று சொல்லப்படுவது ஏற்கெனவே பெரும்பான்மையின் சாயலோடு இருக்கிறது என்றே சுட்டினார்.

இங்கே கோட்பாட்டுக்குத் திருகோணமலை சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. பெரும்பான்மை என்பது நாடு தழுவிய ஒன்றாகவே லபோர்டின் எழுத்தில் பெரும்பாலும் வருகிறது. இவ்வூரிலோ அது அடுக்கடுக்காக அமைந்துள்ளது: நாட்டில் சிறுபான்மையான தமிழ் இந்துக்கள் அந்தப் பாடசாலைக்குள் பெரும்பான்மை, ஒரு தெரு தாண்டினால் நிலைமை மாறும். கொழும்பிடம் நாம் கேட்கும் சமத்துவத்தை, நம் கையில் சிறிது அதிகாரம் இருக்கும் இடத்தில் அடுத்த சிறுபான்மைக்கு மறுத்தால், நம் கோரிக்கையின் அடித்தளமே ஆட்டம் காணும்.

எல்லையை வகுப்பவர் யார்?

எது மதத்தின் பரப்பு, எது அரசின் பரப்பு என்று முடிவு செய்யும் இறுதி அதிகாரம் யாருக்கு? திருச்சபைகளும் அரசும் சம இறைமை கொண்டவை என்ற வாதத்தை லபோர்ட் மறுக்கிறார். எல்லைகளை வகுக்கும் அதிகாரம் சனநாயக அரசுக்கே உரியது என்பது அவர் விடை. அந்த அரசு நியாயமான பிரதிநிதித்துவத்தோடு இயங்கினால், எல்லாத் தரப்பின் குரலும் அங்கே கேட்கப்பட்டால், அதன் தீர்ப்புக்குக் கட்டுப்படலாம் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம்.

இந்தக் கடைசிப் படியில்தான் அவரது கோட்பாடு இங்கு தடுமாறுகிறது. தேர்தலுக்குத் தேர்தல் மாறும் பெரும்பான்மையிடம் இறுதி அதிகாரத்தை ஒப்படைக்கலாம். இனத்தாலும் மதத்தாலும் நிரந்தரமான பெரும்பான்மையிடம் ஒப்படைத்தால், வழக்கில் ஒரு தரப்பே நீதிபதியாகவும் அமர்கிறது. 2020 ஜூனில் வர்த்தமானி மூலம் அமைக்கப்பட்ட கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கான ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மூன்று சமூகங்கள் வாழும் மாகாணத்தில் எந்தக் கல் எந்த மதத்தின் வரலாறு என்று சொல்லும் பணி அதனிடம் தரப்பட்டது. கன்னியாவில் பழைய பிள்ளையார் கோயில் அத்திவாரம் இருந்த இடம் பற்றிய தகராறு, 2019 ஜூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கும்வரை சென்றது.

நீதிமன்றம் போதாதா என்று கேட்கலாம். இயற்றப்பட்டுவிட்ட சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் ஆராய 80(3)ஆம் உறுப்புரை இடம் தருவதில்லை. நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள், கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில். திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலோ வெருகலிலோ தன் கோயில் காணியில் எல்லைக் கல் நடப்பட்டதைக் காணும் ஒருவருக்கு அந்த ஒரு மாதத்தில் ஆவணமும் சட்டத்தரணியும் பயணச் செலவும் திரள வேண்டும். மறுபுறம், மூன்று சமூகங்களின் பிரதிநிதிகளும் ஒன்றாக அமரக்கூடிய கிழக்கு மாகாண சபைக்கு 2012இல் நடந்த தேர்தலுக்குப் பின் தேர்தல் நடக்கவில்லை. 2017இல் அதன் பதவிக்காலம் முடிந்ததும் நிருவாகம் ஆளுநரின் கைக்குச் சென்றது.

லபோர்டை ஏற்பவர்கள் கேட்க வேண்டியது இதனால் மிகவும் குறிப்பானது: வழிபாட்டிடம் ஒன்றைத் தொல்லியல் பகுதியாகப் பிரகடனம் செய்யும் முன்னரும், பொதுக் காணியில் மதக் கட்டுமானத்துக்கு அனுமதி தரும் முன்னரும், அங்கே வாழும் எல்லாச் சமூகங்களின் ஆட்சேபங்களும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாகக் கேட்கப்பட வேண்டும், அவற்றைக் கேட்டுத் தீர்மானிக்கும் சபையில் அந்த மூன்று சமூகத்தவரும் இருக்க வேண்டும், தீர்மானத்தின் காரணங்கள் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். 9ஆம் உறுப்புரையில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் இவற்றைச் செய்யலாம்.